அம்மா சாகாத படம்

என் கடைப் பலகையில் இன்னமும் 'றிப்கா வீடியோ' என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே வீடியோ கிடையாது. போட்டோ கொப்பி மெசின் ஒன்று, ரீலோட் போடும் போன் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை இரண்டு, நடுவில் நான். பசறை டவுனில் இது தெரியாத ஆள் இல்லை. ஆனாலும் பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. கழற்றினால் சுவரில் உள்ள ஓட்டைகள் தெரியும் என்பது வெளியாட்களுக்கு நான் சொல்லும் காரணம்.

அந்தப் பலகையை நம்பிப் போன செப்டம்பரில் ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் நனைந்த குடை, கக்கத்தில் ஃபைல்.

"நாநா, படம் இருக்கா?"

முஸ்லிம் கடைக்காரனை எங்கள் பக்கம் நாநா என்றுதான் கூப்பிடுவார்கள்; படம் இருக்கா என்பதுதான் பதினொரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கதிரையிலிருந்து எழுந்தே விட்டேன்.

"என்ன படம் வேணும் மகள்?"

"சின்னப் புள்ளைங்க பாக்கிற படம். கார்ட்டூன். தமிழ்ல இருக்கணும்."

அவள் பெயர் சிவசக்தி. மடுல்சீமைப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைமடுவத்துக்குப் பொறுப்பானவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது. அரசாங்கக் கடிதங்களில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். கடிதத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் பாவிப்பதில்லை.

யாரோ பிள்ளைமடுவத்துக்கு ஒரு பெரிய டிவி அன்பளிப்புச் செய்திருந்தார்கள். சிறுவர் தினத்தன்று அதில் ஒரு படம் போட வேண்டும். ஆனால் போன வருடம் யாரோ லெப்டொப்பில் கொண்டுவந்து போட்ட படத்தில் ஓநாய் வந்து, ஏழு பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே பாயை நனைத்துவிட்டார்கள். அதனால் இம்முறை ஒரு படிவம் வந்திருந்தது. படத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர் முழுதாகப் பார்த்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உகந்ததா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"படத்தப் பத்தித் தெரிஞ்சவர்னு போட்டிருக்கு. எனக்கு வேற யாரையும் தெரியல நாநா. போர்டு பாத்தேன், வந்துட்டேன்."

என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. வீடியோ கெசட் காலத்தில் இந்த ஊர் முழுவதற்கும் நான்தான் நீதிபதி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "நாநா, குடும்பத்தோட பாக்கலாமா?" நான் பெட்டியின் மேலிருக்கும் படத்தை ஒரு தரம் பார்ப்பேன், "தாராளமா" என்பேன். பாதிப் படங்களை நான் பார்த்ததே கிடையாது. ஒருமுறை ஒரு பாடசாலை அதிபர் என் வாக்கை நம்பி, மாமனார் மாமியார் சகிதம் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தார். மறுநாள் கெசட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். பிறகு மூன்று வருடம், என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம்.

"முழுசாப் பாத்துச் சொல்றேன் மகள்" என்றேன். "ஓநாய் வராது."

அவள் போகவில்லை. குடையின் கம்பியை நிமிண்டிக்கொண்டு நின்றாள்.

"ஓநாய் வந்தாக்கூடப் பரவால்ல நாநா. படத்துல அம்மா சாகக் கூடாது."

பிறகு கதிரையில் உட்கார்ந்து சொன்னாள். மடுவத்தில் யுகதர்ஷினி என்று ஒரு பிள்ளை. யுகா என்று கூப்பிடுவார்கள். நாலு வயது. தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், பெப்ரவரியில் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்துவிட்டாள். பெட்டி வந்தது. திறக்காமலே தோட்டத்தில் அடக்கினார்கள். அந்த இரண்டு கிழமையும் யுகாவை வெலிமடையில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிள்ளையிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அம்மா இன்னமும் வெளிநாட்டில்தான்.

"தகப்பன்?"

"சதீஸ்குமார் அண்ணனா? 'நாளைக்குச் சொல்றேன் டீச்சர்'னு சொல்லும். ஏழு மாசமா அந்த நாளைக்கு வரல. போன்ல பழைய வொய்ஸ் மெசேஜ் கெடக்குல்ல, ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுக் காட்டும். 'யுகாக் குட்டி, சாப்டியா?'ன்னு அம்மா கேக்கும். இது 'சாப்ட்டேன்'னு பதில் சொல்லும்."

ரீலோட் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். 

"லயத்து வீடெல்லாம் சேந்து பொய் சொல்லுது நாநா. நானுந்தான். படத்துல ஒரு அம்மா செத்து, இந்தப் புள்ள என்னையப் பாத்து ஏதாவது கேட்டுச்சுன்னா, என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

"அம்மா சாகாத படம்" என்றேன். "அவ்வளவுதானே? ஆயிரம் ஈக்குது."

ஆயிரம் இல்லை என்பது அடுத்த கிழமை தெரிந்தது.

இந்தக் கார்ட்டூன் படம் எடுக்கிறவர்களுக்குத் தாய்மார் மேல் என்ன கோபமோ தெரியாது. கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். முதற்படத்தில் அணில். மரம் விழுந்து, பதினோராவது நிமிடம் தாய் காலி. இரண்டாவதில் ஒரு கடற்பறவை; பாட்டு முடிந்த கையோடு தாயைப் புயல் கொண்டுபோனது. மூன்றாவதில் படத்தின் பெயர் போடுவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. நாலாவதில் அம்மாவே இல்லை, முட்டை ஒன்று தானாக உடைந்து குட்டி வெளியே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று பேனையை எடுத்தேன். எழுத முன்னர் ஒரு கிழ ஆமை வந்து, "உனக்கும் ஒரு அம்மா இருந்தாள்" என்று ஆரம்பித்தது. எப்படி இறந்தாள் என்பதைப் படமாகவே போட்டுக் காட்டியது.

கொப்பியில் நாலு பக்கத்துக்கு 'அம்மா சாகிறாள்' என்று எழுதி, நாலையும் வெட்டினேன்.

அன்று பின்னேரம் றஷீனா கோல் எடுத்தாள். றஷீனா என் மனைவி. மகள் றிப்காவுக்குக் குழந்தை கிடைத்தபோது, மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொழும்புக்குப் போனவள். அந்தக் குழந்தை ஆகில் இப்போது நேர்சரிக்குப் போகிறான். வீடியோ கோல் எடுத்தால் போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு அவள் வேலை பார்ப்பாள். மூன்று வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது கொழும்பில், தெஹிவளையில் சுற்றும் ஒரு மின்விசிறியை.

"தின்டீங்களா?" என்றது மின்விசிறி.

"தின்டேன். நீ எப்ப வாற?"

"அடுத்த மாசம் வாறேன். இவன்ட பல்லு முளைக்கிறதெல்லாம் முடியட்டும்."

"அவனுக்கு விழுற வயசு வரப்போகுது."

"அப்ப அதையும் பாத்துட்டு வாறேன்" என்று சிரித்தாள். "கடையில என்ன செய்றீங்க?"

"படம் பாக்கிறேன். கார்ட்டூன்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "தனியாவா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். தோட்டத்துக் கதையைச் சொன்னேன். "பாவம் புள்ள" என்றாள். உடனே அங்கே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது, ஆகில் என்று கத்தினாள், லைன் போய்விட்டது.

அதன் பிறகுதான் அந்தப் படகுப் படம் கிடைத்தது.

ஒரு குட்டிப் படகு. அதற்கு ஒரு அம்மாப் படகு. துறைமுகத்திலே இரண்டும் கயிறு பிணைத்துக்கொண்டு தூங்கும். ஒருநாள் அம்மா ஆழ்கடலுக்குப் போகிறது. போகும்போது, "கரையிலேயே நில், வந்துவிடுவேன்" என்று சொல்லி ஹோர்ன் அடிக்கிறது. வரவில்லை. மழை வருகிறது, வெயில் வருகிறது. மற்றப் படகுகளெல்லாம் விளையாடப் போகின்றன, குட்டி மட்டும் அசையாமல் நிற்கிறது. ஒரு கிழப் படகு வந்து, "உன் அம்மா மூழ்கிவிட்டாள், நீ வீட்டுக்குப் போ" என்கிறது. "பொய்!" என்று குட்டி கத்துகிறது. கடைசியில் மூடுபனிக்குள்ளே ஹோர்ன் சத்தம் கேட்கிறது. சிப்பி ஒட்டிய உடம்போடு அம்மா வருகிறாள். துறைமுகமே ஆடிப் பாடுகிறது. கிழப் படகு வெட்கப்பட்டு ஒரு மூலைக்குப் போகிறது.

நான் அழுதேன். சொல்வதற்கென்ன, மெசினுக்குப் பேப்பர் கொண்டுவந்த ஆளிடம் தடிமன் என்று சொல்ல வேண்டி வந்தது. படத்தை மூன்று தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்த்தது பரிசோதனைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆகக்கூடிய அழகான கையெழுத்தில் படிவத்தை நிரப்பினேன்:

'வன்முறை இல்லை. தகாத வார்த்தை இல்லை. ஒரு நண்டு கோபப்படுகிறது, அதன் கோபம் நியாயமானது. கெட்ட பாத்திரம்: கிழப் படகு, தண்டனை பெறுகிறது. அம்மா சாகவில்லை. கடைசியில் திரும்பி வருகிறாள். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மிகவும் உகந்தது. குடும்பத்தோடு பார்க்கலாம். இப்படிக்கு, ஏ. எல். எம். வாஹித்.'

சிவசக்தி வாசித்தாள். 'திரும்பி வருகிறாள்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"அம்மா வந்துருதா நாநா?"

"வந்துருது. சந்தோசமான முடிவு."

"ம்" என்றாள்.  என் கையெழுத்தின் கீழே நான் குத்தியிருந்த 'றிப்கா வீடியோ' ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தாள். எதை நம்பினாளோ, ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்களும் வாங்க நாநா. புள்ளைங்க சந்தோசப்படும்."

சிறுவர் தினத்தன்று கடையை மூடிவிட்டு, ஸ்பீக்கரையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என்னை யாராவது எங்காவது அழைத்து எவ்வளவு காலம்! இஸ்திரி போட்ட சேர்ட். அத்தர் வேறு. பாதை குண்டும் குழியுமாக இருந்ததால், தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது சேர்ட்டும் நானும் ஒரே அளவுக்குக் கசங்கியிருந்தோம்.

பிள்ளைமடுவம் பாதைக்கு மேலே, லயத்துக்குப் பக்கத்தில். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில். எல்லாருக்கும் பலூன், ஒரு பாற்பைக்கற். "இந்த மாமாதான் படம் கொண்டுவந்தாரு" என்று சிவசக்தி சொன்னதும் கை தட்டினார்கள். குனிந்து வணக்கம் போட்டேன். ஒரு பையன் என் தொப்பையைப் பார்த்து, "மாமாவுக்குள்ளயும் பலூன்" என்றான். அவ்வளவு சிரிப்பு. சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

யுகா எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பிள்ளை, பாற்பைக்கற்றை உடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, டிவிக்குக் கிட்டக்கிட்ட நகர்ந்துகொண்டே இருந்தது.

அம்மாப் படகு கடலுக்குப் போன இடத்தில் அது எழுந்து நின்று பக்கத்துப் பிள்ளைக்குச் சத்தமாகச் சொன்னது: "எங்கம்மாவும் இந்தக் கடலுக்கு அங்கிட்டுத்தான் இருக்கு."

சிவசக்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

 கிழப் படகு வந்து, "உன் அம்மா மூழ்கிவிட்டாள்" என்றபோது, "பொய்!" என்று குட்டிப் படகோடு சேர்ந்து யுகாவும் கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் கத்தினார்கள். "பொய்! பொய்! கெழட்டுப் படகு பொய்!"

மூன்று தரம் பார்த்திருக்கிறேன். ஒரு தரங்கூட இது எனக்கு விளங்கவில்லை. செத்த அம்மாக்களை மட்டும்தான் நான் தேடியிருக்கிறேன். திரும்பி வரும் அம்மா ஆபத்து என்று யார் நினைப்பார்கள்? நான் நினைத்திருக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்காகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நான் பார்த்ததெல்லாம் மின்விசிறிக்கு முன்னால் காத்திருக்கும் ஐம்பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்றுக்காக.

நிறுத்தலாமா என்று பார்த்தேன். கரண்ட் போய்விடாதா என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். தோட்டத்தில் தினமும் போகிற கரண்ட், அன்றைக்கு மட்டும் மலைபோல் நின்றது.

மூடுபனிக்குள்ளே ஹோர்ன் அடித்தது. அம்மா வந்தாள். பிள்ளைகள் குதித்தார்கள். பலூன் ஒன்று வெடித்தது. யுகா குதிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைத்து, சாக்குகளை விலக்கி வெளிச்சம் விடும்போது, கீழே வளைவில் மடுல்சீமை பஸ் ஹோர்ன் அடித்தது.

அவள் ஓடினாள்.

கதவுக்குக் கிட்ட நின்றது நான். செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். தேயிலைக்கு நடுவே இறங்கும் படிகளில் ஐம்பத்தொன்பது வயதுத் தொப்பை ஓடுவதை மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். "நாநா, பாத்து, உருளப் போறீங்க!" என்று ஒரு குரலும் கேட்டது. பஸ் ஹோல்ட்டில் வண்டி நின்றிருந்தது. யுகா படிக்கட்டுக்கு நேரே நின்று, இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்த்தாள். லீக்ஸ் மூடையோடு ஒரு கிழவர். சுருட்டிய மெத்தையோடு ஒரு ஆள். ஒரு பாடசாலைப் பிள்ளை. அவ்வளவுதான். பஸ் போய்விட்டது.

யுகா மதகுக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"வா மகள், மேல போவம்" என்றேன் மூச்சு வாங்க.

"அடுத்த பஸ்ஸுல வரும்."

"அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணித்தியாலம் ஈக்குது."

"ஒக்காந்தே இருந்தா வரும். போனா வராது" என்றாள் பொறுமையாக, படம் பார்க்காத ஆளுக்குக் கதை சொல்வது போல.

மற்றப் பிள்ளைகளை உதவிக்கு நின்ற ஒருத்தியிடம் விட்டுவிட்டுச் சிவசக்தி இறங்கி வந்தாள். கெஞ்சினாள், பலூன் காட்டினாள், தூக்கப் பார்த்தாள். யுகா மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள், விரலைப் பிரிக்க முடியவில்லை. மேலே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தகப்பனுக்கு ஆள் அனுப்பினோம். காத்திருந்த நேரத்தில் சிவசக்தி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நாந்தான் மகள் பிழை" என்றேன்.

"எனக்கும் தோணுச்சு நாநா" என்றாள். "படிவத்துல படிச்சப்பவே. ஆனா வந்துருதுன்னதும், எனக்கே பாக்கணும்போல ஆயிருச்சு."

சதீஸ்குமார் கையில் கத்தியோடு வந்தான். மெலிந்த ஆள், இடுப்பில் படங்குச் சாக்கு. கத்தியைப் புல்லில் வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் குந்தினான். சிவசக்தி நடந்ததைச் சொன்னாள். அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் பக்கமே பார்க்கவில்லை.

"யுகா. அம்மா போயிட்டா."

"தெரியுமே. பிளேன்ல போச்சு."

"அது இல்ல தங்கம். அம்மா... சாமிகிட்ட போயிட்டா."

"சாமிகிட்டருந்து எப்ப வரும்?"

அவன் துடைத்துக்கொண்டான், முகத்திலா கண்ணிலா தெரியவில்லை. "அம்மா தவறிருச்சும்மா."

"எங்க தவறுச்சு?" என்று யுகா கேட்டாள். "தேடிப் பாத்தீங்களா?"

செத்துப்போனவர்களை நாம் எவ்வளவு மரியாதையாக அனுப்பி வைக்கிறோம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். போய்விட்டார், தவறிவிட்டார், காலமானார். எங்கள் பக்கத்தில் மௌத்து, வபாத்து. எல்லாம் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் போட்ட வார்த்தைகள். நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் ஒன்றாவது பிடிபடவில்லை. போனவர் வருவார், தவறியது கிடைக்கும்.

"இனிமே வர மாட்டாம்மா" என்றான் சதீஸ்குமார்.

யுகாவின் முகம் மாறியது. தகப்பனைவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கெழட்டுப் படகும் இப்பிடித்தான் சொல்லுச்சு" என்றாள். "பொய்."

அவன் புரியாமல் சிவசக்தியைப் பார்த்தான். சிவசக்தி தலையைக் குனிந்தாள். எட்டு மாதம் கழித்து, அந்த மனிதன் ஒருவழியாக உண்மையைச் சொன்ன இடத்தில், அதைப் பொய்யாக்கி வைத்திருந்தது நான். கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பும் குத்தி.

நான் மதகுக் கட்டின் மேல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யுகா, படம் கொண்டுவந்தது யாரு?"

"நீங்க."

"நான் அந்தப் படத்தை மூணு தரம் பாத்தேன். கெழட்டுப் படகு பொய் சொல்லல. அதுதான் நெசம் சொன்னது."

"அம்மாப் படகு வந்துச்சே! பாம்-னு அடிச்சுச்சே!"

"அது படம் எடுத்தவங்க பொய்யாச் செஞ்சது. சின்னப் புள்ளைகள் அழுமெண்டு. என்னைப் போல பெரிய ஆளுங்களும் அழுமெண்டு." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நெசமா அந்த அம்மாப் படகு முங்கிட்டுது. வரல."

யுகா என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் என்னைப் பலர் பலவிதமாகப் பார்த்திருக்கிறார்கள், அந்த அதிபர் உட்பட. இப்படி ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே சந்தோசமான படத்தைப் பிடுங்கியவன் நான். சரி, பிடுங்கத்தான் வேண்டும். கொடுத்தவனும் நான்தானே.

"அப்ப குட்டிப் படகு?"

"குட்டிப் படகை அப்பாப் படகு வந்து கூட்டிட்டுப் போகும்."

"அந்தப் படத்துல அப்பா இல்ல."

"அதைத்தான் சொல்றேன். பிழையான படம்."

அவள் யோசித்தாள். பிறகு என்னைவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அம்மா முங்கிருச்சா?"

சதீஸ்குமார் இரண்டு கையாலும் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான். நாய்க்கும் கோழிக்கும் டோர்ச் பெட்டரிக்கும் சொல்லுகிற வார்த்தை, சொந்த மனுசிக்கு எவரும் வாயெடுத்துச் சொல்லாத வார்த்தை.

"செத்துப்போச்சு யுகா. அம்மா செத்துப்போச்சு."

சிவசக்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம செவலக் கோழி மாதிரியா?" என்றாள் யுகா.

"ஆமா தங்கம். செவலக் கோழி மாதிரி."

"கீரி கடிச்சுச்சா?"

"இல்ல. காச்ச வந்துச்சு."

"அம்மாவையும் பொதச்சீங்களா?"

"ஆமா. மேல, சவுக்கு மரத்துக்கிட்ட."

"நான் எங்க இருந்தேன்?"

"நீ வெலிமடையில இருந்த. பெரியம்மா வீட்டுல." அவன் குரல் உடைந்தது. "நாந்தான் அனுப்புனேன். ஒன்னய அனுப்பியிருக்கக் கூடாது."

யுகா கீழே பார்த்தாள். மடியில் இன்னும் உடைக்காத பாற்பைக்கற் இருந்தது. அதன் மூலையைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழே பள்ளத்தில் மூடுபனி ஏறிக்கொண்டு வந்தது. நாங்கள் நாலு பேரும் அந்த மதகடியில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. 

அடுத்த பஸ் வந்தது. நான் பசறைக்குத் திரும்ப வேண்டிய பஸ். நாலு பேர் ஹோல்ட்டில் இருப்பதைக் கண்டு தானாகவே நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். யுகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசறை, பசறை! ஏறுங்க, ஏறுங்க!" என்றான் கண்டக்டர். யாரும் அசையவில்லை. "நாநா, வாறீங்களா இல்லையா?"

"இல்ல. நீங்க போங்க."

"அப்ப என்னாத்துக்கு நாலு பேரு ஹோல்ட்டுல குந்தியிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. என் கால்களில் செருப்பில்லை என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கம்பியில் தட்டினான். பஸ் வளைவில் மறைந்தது.

அதன் பிறகுதான் யுகா அழ ஆரம்பித்தாள். முதலில் சின்னதாக, விக்கல் போல. பிறகு மலை முழுவதும் கேட்கும்படி. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். எட்டு மாதமாகச் சேர்ந்து பொய் சொன்னவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வரத் தொடங்கினார்கள்.

"அழாத" என்று சிவசக்தி வாயெடுத்தாள். சதீஸ்குமார் தலையாட்டித் தடுத்தான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவனும் சத்தம்விட்டு அழுதான். நான் புல்லில் கிடந்த அவன் கத்தியை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, அவர்களுக்குப் பின்னால் சவுக்கு மரம் இருந்த பக்கம் ஏறத் தொடங்கினேன்.